இடப்பக்க இருக்கையில் மச்சாள்

அந்த வான் வண்டியை என் கணவர் ரெய்னர்ஸ் லேனில் எங்கள் வீட்டுக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தியபோது முன்னறைக்குள் வெளிச்சம் குறைந்துபோனது. ஆறு மீட்டர் நீளம். உள்ளே கட்டில், காஸ் அடுப்பு, மடக்கு மேசை, ஓர் ஆள் ஒடுங்கி நிற்கக்கூடிய கழிவறை. இவரோடு வேலை செய்த ஓர் ஆங்கிலேயர் இரண்டு கிழமைக்குத் தந்திருந்தார். ஒரே ஒரு நிபந்தனைதான்: ஓட்டுவது இவர் மட்டும். காப்புறுதித் தாளில் இவருடைய பெயர் மட்டுமே இருந்தது.

அது எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. அந்த வசந்தத்தில்தான் மூன்றாம் தரம் சோதனைக்குப் போய் லைசன்ஸ் எடுத்திருந்தேன். ஹரோவில் வேலை செய்த இடம் வரைக்கும் எங்கள் சின்னக் காரை ஓட்டுவேன். மழை கொஞ்சம் பலமாகப் பெய்தால் காரை விட்டுவிட்டு பஸ்ஸில் போவேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. எங்களுக்கு அப்போது பிள்ளை இல்லை. நோர்வேக்குப் போவது இவருடைய திட்டம். நியூகாசிலில் கப்பலேறி பேர்கனில் இறங்குவது, கரையோரமாக வடக்கே ஓடுவது, வழியில் ஒரு சிறு நகரத்தில் இருந்த இவருடைய அக்காவை, என் மச்சாளை, ஏற்றிக்கொண்டு இன்னும் வடக்கே போவது. ஹோட்டலில் தங்கினால் நானும் மச்சாளும் ஆளுக்கோர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளலாம். வானுக்குள் அது நடக்காது. இவர் அப்படிச் சொல்லவில்லை. எனக்கு விளங்கியது.

மச்சாள் என்னோடு ஏழு வருடமாகக் கதைக்கவில்லை.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். எண்பதுகளின் கடைசியில் மாமி, இவருடைய அம்மா, யாழ்ப்பாணத்தில் இறந்தபோது செய்தி முதலில் லண்டனுக்கு, எங்களுக்குத்தான் வந்தது. மச்சாள் அப்போது நோர்வேயில் ஒரு மீன் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டு, வேறு தமிழ்ச் சனம் இல்லாத ஊரில், ஒரு விடுதி அறையில் தனியாக இருந்தார். தனியாக இருக்கிறவருக்கு ரெலிபோனில் சொல்லக் கூடாது, தானே நேரில் போய்ச் சொல்ல வேண்டும் என்று இவர் பிடிவாதமாக நின்றார். இவரிடம் இருந்தது அகதிகளுக்குக் கொடுக்கும் பயணப் புத்தகம். அதை வைத்துக்கொண்டு விசாவுக்கு அலைந்தார். இரண்டாம் நாள் இவர் வெளியே போயிருந்தபோது மச்சாள் ரெலிபோன் எடுத்தார். ஊரிலிருந்து ஏதும் கடிதம் வந்ததோ என்று கேட்டார்.

"ஓம் மச்சாள், எல்லாரும் சுகம்" என்றேன்.

விசா கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் ஒஸ்லோவிலிருந்து யாரோ அனுதாபம் சொல்ல எடுத்திருக்கிறார்கள். அப்படித்தான் அவருக்குத் தெரியவந்தது. தம்பியை ஒரு வருடத்தில் மன்னித்துவிட்டார். எனக்கு அது வாய்க்கவில்லை.

அவரை நாங்கள் ஏற்றியபோது நான் டூட்டிங்கில் தேடி வாங்கிய இடியப்ப மாவும் மாசிக் கருவாடும் நிறைந்த பையைக் கொடுத்தேன். தம்பியைப் பார்த்து "இதெல்லாம் எதுக்கு" என்றார். அதற்குப் பிறகும் எல்லாம் தம்பி வழியாகத்தான். மடக்கு மேசையில் என் முழங்கையோடு அவருடைய முழங்கை முட்டும். ஆனாலும், "தம்பி, அவவுக்குத் தேத்தண்ணி வேணுமோ எண்டு கேள்" என்பார். "வேண்டாமெண்டு சொல்லுங்கோ" என்பேன் நான். இவர் இரண்டு பேருக்கும் நடுவில் கேத்திலைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

நான் சொல்ல வந்தது நாலாம் நாளைப் பற்றி.

அதற்கு முன் ஒரு விஷயம். நோர்வேயில் வாகனம் வீதியின் வலப்பக்கம் ஓடும். எங்கள் வானோ லண்டன் வான், ஸ்டியரிங்கும் வலப்பக்கம். அதனால் ஓட்டுகிறவர் வீதியின் விளிம்பில் இருப்பார். முன்னால் ஒரு லொறி போனால் அதற்கு அப்பால் எதிரே என்ன வருகிறது என்று அவருக்குத் தெரியாது. அது இடப்பக்க இருக்கையில் இருப்பவருக்குத்தான் தெரியும். பேர்கனில் இறங்கிய நாளிலிருந்து அந்த இருக்கையில் நான் இருந்தேன். எட்டிப் பார்த்து "இப்ப ஏலும்", "இப்ப ஏலாது" என்று சொல்லிக்கொண்டு வந்தேன். மச்சாள் பின்னால் மேசையடியில் இருந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

அன்று காலை இவர் சாப்பிடவில்லை. இடுப்பின் வலப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, படுத்த கட்டில் சரியில்லை என்றார். மச்சாள் நம்பினார். நான் நம்பவில்லை. ஏனென்றால் வசந்தத்தில் லண்டனில் இவருக்கு இதே இடத்தில் வலி வந்தது, சிறுநீரில் இரத்தமும் போனது. டொக்டர் கல்லாக இருக்கலாம் என்று ஆஸ்பத்திரியில் ஸ்கானுக்கு எழுதினார். ஸ்கான் தேதி கப்பல் தேதிக்குள் வந்து விழுந்தது. இவர் ஆஸ்பத்திரித் தேதியைத் தள்ளிப் போட்டார். "அக்காவுக்கு மூச்சு விடக் கூடாது" என்று என்னிடம் வாக்கு வாங்கியிருந்தார். மச்சாளிடம் மறைக்க இன்னொரு விஷயம் என் மடியில் வந்து விழுந்திருந்தது.

மத்தியானத்துக்குப் பிறகு வீதி ஒடுங்கியது. ஒரு பக்கம் செங்குத்தான பாறை, மற்றப் பக்கம் கடல். எங்கள் பக்கம்தான் கடல். வேலி இல்லை. விளிம்போரம் இரண்டடி உயரக் கற்களை இடைவெளி விட்டு நட்டிருந்தார்கள். ஒரு வாகனம் மட்டும் போகலாம். எதிரே ஒன்று வந்தால் ஒதுங்குவதற்கு ஆங்காங்கே வீதியை அகட்டி, நீலப் பலகையில் வெள்ளையாக 'எம்' எழுத்துப் போட்டிருப்பார்கள். இவர் கதைப்பதை நிறுத்தியிருந்தார். பக்கவாட்டில் பார்த்தேன். காதோரம் வியர்வை ஓடியது.

"என்னப்பா செய்யுது?"

"ஒண்டுமில்லை. நீர் முன்னுக்குப் பாரும்."

நான் முன்னுக்குப் பார்த்தேன். வான் கொஞ்சம் கொஞ்சமாக வலப்பக்கம் சரிந்துகொண்டு போனது. ரயருக்குக் கீழே சரளைக்கல் நொறுங்கும் சத்தம். பிறகு வலப்பக்கக் கண்ணாடி வீதியோரக் கம்பம் ஒன்றில் உரசி மடங்கியது.

"தம்பி!" என்று மச்சாள் பின்னாலிருந்து கத்தினார்.

இவர் ஸ்டியரிங்கை இழுத்து நேராக்கினார். அடுத்த 'எம்' பலகை வரை எப்படியோ கொண்டுபோய் நிறுத்தி, கை பிரேக்கை இழுத்தார். அதோடு முடிந்தது. ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்து முனகத் தொடங்கினார்.

நானும் மச்சாளும் ஆளுக்கொரு கையைப் பிடித்துப் பின்னுக்குக் கொண்டுபோனோம். கட்டிலில் படுக்க ஏலவில்லை. நிலத்தில் முழங்காலில் இருந்து, தலையைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் முட்டிக்கொண்டு வாந்தி எடுத்தார்.

"நெஞ்சோ?" என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டி விலாவைக் காட்டினார். என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் கை விறைத்துப்போனது.

மேலே சரிவில் ஒரு சிவப்பு வீடு தெரிந்தது. மச்சாள் மழை ஜாக்கெட்டை இழுத்து மாட்டிக்கொண்டு அந்த வீட்டை நோக்கி ஏறி ஓடினார். ஐம்பதை நெருங்கியவர் அப்படி ஓடியதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பத்து நிமிடம் கழித்து இறங்கி வந்தபோது பின்னால் ரப்பர் சப்பாத்துப் போட்ட ஒரு கிழவர், தடித்த கண்ணாடி, மெதுவாக வந்தார்.

மச்சாள் வாசலில் நின்று மூச்சு வாங்கினார். பிறகு ஏழு வருடத்துக்குப் பிறகு முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்துக் கதைத்தார்.

"நீர் லைசன்ஸ் எடுத்திட்டீர் எண்டு தம்பி சொன்னவன்."

"ஓம்."

"அம்புலன்ஸ் அங்காலைக் கரையிலை நிக்குது. ஃபெரியிலைதான் வர வேணும். நாலு இருபதுக்கு இந்தக் கரையிலையிருந்து ஒரு ஃபெரி போகுது. அது போய், அம்புலன்ஸை ஏத்திக்கொண்டு திரும்பி, அது இஞ்சை வந்து சேர ஆறு மணியாகும். நாங்கள் அந்த ஃபெரியைப் பிடிச்சா அம்புலன்ஸ் அங்காலை இறங்குதுறையிலை நிக்குமாம். ஃபெரித் துறைக்கு இருபத்திரண்டு கிலோமீட்டர்."

மணியைப் பார்த்தேன். மூன்று முப்பத்தைந்து.

"என்னாலை ஏலாது மச்சாள். இது கார் இல்லை. காப்புறுதியிலை என்ரை பேரும் இல்லை."

"பொலிஸ் மறிச்சா நான் கதைக்கிறன்."

"இந்த ஐயா ஓட்ட மாட்டாரோ?"

"கண் தெரியாதெண்டு லைசன்ஸைத் திருப்பிக் குடுத்திட்டாராம். காரை மனிசி கொண்டு போட்டா." ஜாக்கெட்டைக் கழற்றினார். "எனக்கு லைசன்ஸ் இல்லை. இருந்தா உம்மட்டை வந்து கேட்டிருக்க மாட்டன்."

கிழவர் மச்சாளிடம் ஏதோ சொன்னார். தான் ஃபெரிக்காரருக்கு ரெலிபோனில் சொல்லிப் பார்ப்பதாகவும், ஆனால் அவர்கள் காத்திருப்பார்கள் என்று நம்ப வேண்டாம் என்றும் சொன்னாராம். இவர் நிலத்தில் கிடந்தபடி பல்லைக் கடித்துக்கொண்டு, "போம், போம்" என்றார்.

மெத்தைகளை இவரைச் சுற்றி அடுக்கிவிட்டு ஓட்டுநர் இருக்கையில் ஏறினேன். கால் எட்டவில்லை. இருக்கையை முன்னுக்கு இழுக்கும் பிடி எங்கே என்று தெரியாமல் ஒரு நிமிடம் போனது. கிளட்ச் மாட்டை மிதிப்பது போல இருந்தது. மச்சாள் இடப்பக்க இருக்கையில் ஏறி, ஸ்டியரிங் இல்லாத அந்த இடத்தில் இரண்டு கையையும் முன்தட்டில் ஊன்றிக்கொண்டார்.

"எனக்கு அங்காலைப் பக்கம் தெரியாது மச்சாள். நீங்கள்தான் சொல்ல வேணும்."

"என்னெண்டு?"

"எதிரே ஆரும் வந்தா நில்லும் எண்டுங்கோ. இல்லாட்டிப் போம்."

"சரி. போம்."

முதல் ஐந்து கிலோமீட்டரும் இரண்டாம் கியரை விட்டு நான் மாறவில்லை. என் ஜன்னலுக்குக் கீழே பார்த்தால் நேரே தண்ணீர். வானின் அகலம் எனக்குப் பிடிபடவில்லை. கற்களுக்குப் பயந்து நான் இடப்பக்கம் ஒதுங்க, "பாறை, பாறை, அங்காலை எடும்" என்று மச்சாள் கத்துவார். பின்னால் இவர் ஒவ்வொரு திருப்பத்திலும் முனகினார். அந்தச் சத்தம் நின்றால் அதைவிடப் பயமாக இருந்தது.

ஒரு வளைவில் திரும்பியபோது பஸ் ஒன்று முன்னால் நின்றது. பெரிய சுற்றுலா பஸ். அதன் பின்னால் மூன்று கார்கள். ஓட்டுநர் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். அவரால் பின்னுக்குப் போக ஏலாது. நாங்கள்தான் போக வேண்டும். கடந்து வந்த 'எம்' பலகை நூறு மீட்டர் பின்னால், வளைவுக்கு அந்தப் பக்கம்.

வானின் முதுகில் ஜன்னல் இருந்தது, ஆனால் உள்கண்ணாடியில் எனக்குத் தெரிந்தது அடுக்கிய மெத்தையும் இவருடைய தலையும்தான். பக்கக் கண்ணாடி மடங்கிக் கிடந்தது.

மச்சாள் கதவைத் திறந்து குதித்தார். சுற்றி வந்து என் பக்கக் கண்ணாடியை விரித்துத் துடைத்தார். "என்னை மட்டும் பாரும். கல்லைப் பாராதேயும், தண்ணியைப் பாராதேயும். என்ரை கையைப் பாரும்" என்றார். பின்னுக்கு நடந்துபோய் கண்ணாடியில் தெரிகிற இடத்தில் நின்றார். இரண்டு கைகளையும் தோளுக்கு மேலே தூக்கினார்.

அவர் தொழிற்சாலையில் மீன் பெட்டி ஏற்றும் ஃபோர்க்லிஃப்ட்டுகளுக்கு வருடக்கணக்காகச் சைகை காட்டியவர் என்று எனக்கு அப்போது தெரியாது. உள்ளங்கையைத் தன் பக்கம் அசைத்தால் வா. ஒரு கையை நீட்டினால் அந்தப் பக்கம் திருப்பு. விரல்களை முட்டியாக மடக்கினால் நில். அவசரமே இல்லை அந்தக் கைகளில். நான் அங்குலம் அங்குலமாகப் பின்னுக்குப் போனேன். பஸ் என் மூக்கோடு மூக்காக ஊர்ந்து வந்தது. ஒரு தடவை பின் ரயர் எதிலோ ஏறி இறங்கியது. கண்ணை மூடிவிட்டேன். திறந்தபோது முட்டி பிடித்தபடி நின்றார். பிறகு நீட்டிய கை இடப்பக்கம். பிறகு வா, வா, வா. கடைசியில் வானின் பக்கத்தில் இரண்டு தரம் அடித்தார். நான் ஒதுங்கும் இடத்துக்குள் நின்றுகொண்டிருந்தேன்.

பஸ் போனது. கார்களும் போயின. மச்சாள் ஏறி உட்கார்ந்து, "ஏழு நிமிசம் போட்டுது. கெதியாப் போம்" என்றார்.

மூன்றாம் கியர் போட்டேன்.

அதற்குப் பிறகு ஒரு குகைவழி. விளக்கு இல்லாதது, பாறையைக் குடைந்தபடியே விட்டது. உள்ளே போன பிறகுதான் எனக்கு வானின் முன்விளக்கு எங்கே போடுவதென்று தெரியாது என்பது நினைவு வந்தது. எதையோ திருகினேன், மழை துடைப்பான் ஓடத் தொடங்கியது. இன்னொன்றை அழுத்தினேன், ஹோர்ன் அடித்தது. ஒன்றும் தெரியவில்லை. மேலிருந்து தண்ணீர் கண்ணாடியில் சொட்டியது.

"இடக்கைப் பக்கம்!" என்று பின்னாலிருந்து இவர் அலறினார். "தடியைத் திருப்பும், தடியை!"

திருப்பினேன். பாறை ஒரு முழத்தில் நின்றது.

குகையைக் கடந்ததும் வீதி அகன்று இரண்டு வழியானது. ஆனால் முன்னால் வைக்கோல் ஏற்றிய ஒரு டிராக்டர், நடை வேகத்தில். மணி நாலு ஏழு. எட்டு கிலோமீட்டர் இருந்தது. நான் டிராக்டருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டேன். மச்சாள் ஜன்னலைத் திறந்து தலையை வெளியே நீட்டினார்.

"நில்லும். லொறி வருது." லொறி போனது. "நில்லும். வளைவு."

தலையை உள்ளே எடுத்து என்னைப் பார்த்தார். "உண்மையைச் சொல்லும். முந்தியும் இவனுக்கு உப்பிடி வந்ததோ?"

உள்கண்ணாடியில் இவருடைய முகம் தெரிந்தது. நிலத்தில் கிடந்தபடியே இல்லை என்று தலையாட்டினார். எனக்குத்தான் ஆட்டினார்.

"வந்தது" என்றேன். "சித்திரையிலை வந்தது. ரத்தமும் போனது. கல்லாயிருக்கும் எண்டு டொக்டர் ஸ்கானுக்கு எழுதினவர். இவர் போகேல்லை. இந்தப் பயணத்துக்காகத் தள்ளிப் போட்டிட்டார். உங்களுக்குச் சொல்ல வேண்டாமெண்டவர்."

மச்சாள் பின்னுக்குத் திரும்பினார். "விசரா! தெரிஞ்சுகொண்டோ இவ்வளவு தூரம் வந்தனீ?"

மச்சாள் மறுபடி தலையை வெளியே நீட்டினார். காற்றில் தலைமயிர் அவிழ்ந்து பறந்தது.

"நில்லும்... நில்லும்... இப்ப! இப்ப போம்!"

எனக்கு வைக்கோலைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. ஆறு மீட்டர் வானை, உள்ளே கிடக்கும் மனிசனையும் சேர்த்து, நான் பார்க்காத ஒரு வழிக்குள் திருப்பி மிதித்தேன். டிராக்டரின் பெரிய ரயர் என் ஜன்னலோரம் மெதுவாக, மிக மெதுவாகப் பின்னால் போனது. மச்சாள் "போம் போம் போம்" என்று முன்தட்டில் அடித்துக்கொண்டே இருந்தார். கடந்து வலப்பக்கம் வந்து சேர்ந்தேன்.

கடைசி இறக்கத்தில் இறங்குதுறை தெரிந்தது. மணி நாலு இருபத்தொன்று. ஃபெரி வாயைத் திறந்தபடி நின்றது. வரிசையில் ஒரு வாகனமும் இல்லை, எல்லாம் ஏறிவிட்டிருந்தன. செம்மஞ்சள் ஜாக்கெட் போட்ட ஒருவர் எங்களைக் கண்டு கையை வீசி வீசிக் கூப்பிட்டார். கிழவர் சொல்லியிருக்கிறார்.

இரும்புத் தட்டில் முன் ரயர் ஏறியதும் எஞ்சின் நின்றுவிட்டது. திரும்பப் போட்டேன். இழுத்து, குலுங்கி, மறுபடியும் நின்றது. அந்த மனிதர் ஓடிவந்து இடப்பக்கக் கதவைத் திறந்து, ஓட்டுநரை இறக்கித் தானே ஓட்டுவதற்கு ஸ்டியரிங்கைத் தேடினார். அங்கே மச்சாளின் முழங்கால்தான் இருந்தது. மச்சாள் அவருக்கு நோர்வேஜிய மொழியில் என்னவோ கத்தி, என் பக்கம் கையைக் காட்டினார். பிறகு என்னிடம், குரலை முற்றிலும் இறக்கி, "ஆறுதலா. கிளட்ச்சை ஆறுதலா விடும்" என்றார். கிளட்ச் என்றால் என்னவென்று அவருக்கு எப்படித் தெரியும் என்று இன்றுவரைக்கும் கேட்கவில்லை. மூன்றாம் தரம் வான் அசைந்தது. முன்னால் நின்ற காருக்கு ஒரு சாண் இடைவெளியில் நிறுத்தினேன். பின்னால் தட்டு உயர்ந்தது.

கடலைக் கடக்க இருபது நிமிடம். மச்சாள் நிலத்தில் இருந்து தம்பியின் தலையை மடியில் வைத்திருந்தார். நான் ஈரத் துணியை மாற்றி மாற்றிக் கொடுத்தேன்.

அடுத்த கரையில் அம்புலன்ஸ் நின்றது. வந்த இரண்டு பேரும் இவரை ஸ்ட்ரெச்சரில் ஏற்றிவிட்டு, ஒருவர் மட்டும் கூட வரலாம் என்றார்கள். நான் ஒரு காலை எடுத்து வைத்தேன். மச்சாள் அதற்குள் ஏறி உட்கார்ந்துவிட்டார். கதவு சாத்தப்பட்டது. மொழி தெரிந்தவர் அவர்தான், அவர் போவதுதான் சரி என்று இப்போது சொல்வேன். அப்போது அப்படி நினைக்கவில்லை. மனிசி நான், என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்று கொதித்தது. பின்னால் நின்ற கார்கள் ஹோர்ன் அடித்தன. ஏறி, அம்புலன்ஸின் பின்னால் தனியாக ஓட்டினேன். மூன்று கிலோமீட்டர். இடப்பக்கத்தில் ஒருவரும் இல்லை. ஒவ்வொரு சந்தியிலும் எழும்பி நின்று எட்டிப் பார்த்தேன்.

அந்த ஊரின் வைத்திய நிலையம் சின்னது. நான் உள்ளே போனபோது ஊசி போட்டு, இவருடைய முனகல் அடங்கியிருந்தது. மச்சாள் நடைவழியில் நின்றார். நான் வாயைத் திறக்க முன்னமே சொல்லத் தொடங்கினார்.

"கல்லுத்தான் எண்டு நினைக்கினம். முந்தி வந்ததெண்டு நான் சொன்ன உடனை ஊசி போட்டவை. இரவைக்குக் காய்ச்சல் வந்தா ஹெலிகொப்டரிலை பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவினமாம். அப்பிடி வந்தா ஆபத்தாம். வராட்டி நாளைக்கு இஞ்சையே வைச்சுப் பார்ப்பினம். டொக்டர் சொன்னது இவ்வளவுதான். நான் ஒண்டையும் விடேல்லை."

பின்னேரம் முழுவதும் அந்த நடைவழியில் இருந்தோம். நேர்ஸ் மணிக்கொருதரம் காய்ச்சல் பார்க்கப் போவார். அவர் வெளியே வரும்போது இரண்டு பேரும் ஒன்றாக எழும்புவோம். எட்டு மணிக்கும் வெளியே மத்தியானம் போல வெயில். மச்சாள் எங்கேயோ போய் இரண்டு கோப்பைக் கோப்பி கொண்டுவந்து ஒன்றை என் பக்கத்தில் வைத்தார். எதிர்ச் சுவரைப் பார்த்தபடி கேட்டார்.

"அண்டைக்கு ஏன் எனக்குப் பொய் சொன்னனீர்?"

ஏழு வருடமாக அதற்கு ஒரு பதிலை ஆயத்தமாக வைத்திருந்தேன். "இவர்தான் சொல்ல வேண்டாமெண்டவர்."

"அது தெரியும். அவனை நான் கேட்டிட்டன். இப்ப உம்மைக் கேக்கிறன்."

கோப்பியைக் கையில் எடுத்தேன், கீழே வைத்தேன். "நீங்கள் ரெலிபோன் எடுத்த உடனை பனியிலை சறுக்கி விழுந்த கதை சொன்னனீங்கள். சிரிச்சுச் சிரிச்சுச் சொன்னனீங்கள். எனக்கு வாய் வரேல்லை. பயந்திட்டன்."



"அதுதான்" என்றார் பிறகு. "அம்மா செத்து ரெண்டு நாள். நான் சிரிச்சுக்கொண்டு நிண்டிருக்கிறன். செய்தி தெரிஞ்ச உடனை முதல் அதுதான் ஞாபகம் வந்தது. நான் சிரிக்கிறன், நீர் கேட்டுக்கொண்டு நிக்கிறீர்."

"ஓம். கேட்டுக்கொண்டு நிண்டனான். என்னை மன்னிச்சிடுங்கோ மச்சாள்."

"ஏலுமோ எண்டு எனக்குத் தெரியாது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. நேரம் என்ன என்று கேட்டால் தெரியாது என்பது போலச் சொன்னார். "கோப்பியைக் குடியும். ஆறுது."

குடித்தேன். நேர்ஸ் வந்து காய்ச்சல் இல்லை என்றார். இருவரும் எழும்பினோம், பிறகு இருந்தோம்.

காய்ச்சல் வரவே இல்லை. அடுத்த நாள் இவருக்கு ஒரு வடிகட்டித் தாளைக் கொடுத்து ஒவ்வொரு தடவையும் அதற்குள்ளால் சிறுநீர் போகச் சொன்னார்கள். சாயந்தரம் கல் வந்தது. குரக்கன் மணியளவு. மச்சாள் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "உதுக்கோ இவ்வளவு கத்தினனீ?" என்றார். இவருக்கு ரோஷம் வந்துவிட்டது.

மருந்து காரணமாக இவர் ஒரு கிழமைக்கு ஓட்டக் கூடாது என்றார்கள். வைத்திய நிலையத்து ரெலிபோனிலிருந்து லண்டனுக்கு, வானின் சொந்தக்காரருக்கு எடுத்து, நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். கியர்பெட்டி எப்படி இருக்கிறது என்று கேட்டார். பிறகு என் பெயரைக் காப்புறுதியில் சேர்ப்பித்தார். உரசிய கண்ணாடியைப் பற்றிச் சொன்னபோது, அது முன்பே உடைந்து ஒட்டியதுதான் என்றார்.

வடக்கே போகும் எண்ணத்தை விட்டுத் தெற்கே திரும்பினோம். நான் ஓட்டினேன். மச்சாள் இடப்பக்கம். இவர் பின்னால் மேசையடியில் இருந்து யாரும் கேட்காத ஆலோசனைகளைச் சொல்லிக்கொண்டு வந்தார். மச்சாள் என்னோடு கதைத்ததில் பாதி "போம்", "நில்லும்" தான். மற்றப் பாதியில், தொழிற்சாலையில் கையுறைக்குள்ளும் விரல் எப்படி விறைக்கும் என்பதைச் சொன்னார், என் வேலையைப் பற்றிக் கேட்டார். மாமியைப் பற்றி இரண்டு பேரும் எடுக்கவில்லை. என்னை மன்னித்தாரா என்று நான் பிறகு கேட்கவும் இல்லை.

அவருடைய வீட்டில் ஒரு நாள் தங்கினோம். மூன்றாம் மாடியில் ஒற்றை அறை வீடு. இடியப்பம் அவித்து மீன் குழம்பு வைத்தார். முதல் தட்டை என் முன்னால் வைத்து, "உப்புக் காணுமோ எண்டு பாரும்" என்றார். உப்புக் கொஞ்சம் கூட. சொன்னேன். தானும் எடுத்து வாயில் வைத்துப் பார்த்துவிட்டு, ஓம் கூடத்தான் என்று எழும்பிப்போய்ப் பாலைக் கொஞ்சம் விட்டுக்கொண்டு வந்தார்.

லண்டன் திரும்பியதும் இவர் மறுபேச்சில்லாமல் ஸ்கானுக்குப் போனார். மற்றச் சிறுநீரகத்திலும் ஒரு கல் இருந்தது. நாளுக்கு எட்டுக் கோப்பை தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள். மச்சாள் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ரெலிபோன் எடுத்து, இவரிடம் கொடுக்கச் சொல்லாமல், எத்தனை கோப்பை குடிக்கிறான் என்று என்னிடமே கேட்பார். அனேகமாக ஐந்துதான்.